வெள்ளைப்படுவதெல்லாம் சூடு இல்லை: எப்போது, எங்கே, எப்படிக் காட்டுவது

வெள்ளைப்படுகிறது என்று வீட்டில் வாயைத் திறந்தால் முதலில் வருகிற பதில் "உடம்பு சூடு". வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி, சோற்றுக்கற்றாழை சாப்பிடு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் இப்படியே ஆறு மாதம் ஓட்டினார், நடுவில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை வேறு. அடிவயிறு வலித்து நிமிர்ந்து நடக்க முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனார். கருக்குழாய் வரை கிருமி ஏறியிருந்தது. வெந்தயத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை நம்பி நாளைக் கடத்துவதுதான் வினை.

முதலில் எது சாதாரணம் என்று பாருங்கள். இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, வாடை இல்லாமல் வந்தால் அது கருமுட்டை வெளிவரும் நேரம், மருந்தே வேண்டாம். தயிர் திரிந்த மாதிரி வந்து அரிப்பு பிடுங்கினால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் வாடை அடித்தால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா குறைந்திருக்கலாம். இவை இரண்டையும் பால்வினை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை, இதற்காக வீட்டில் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால், உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால், சிறுநீர் எரிந்தால், புண்ணோ கொப்புளமோ மருவோ தெரிந்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

இதில் பெண்களுக்குத்தான் அடி அதிகம். கிளமிடியா, வெட்டை நோய் (கொனோரியா) என்ற இரண்டு பால்வினை நோய்களும் ஆணுக்குப் பல நேரம் எரிச்சல், சீழ் என்று வெளியே தெரிந்துவிடும். நமக்கோ கருப்பை வாயில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, மெல்ல மேலே ஏறி, கருக்குழாயில் தழும்பு விழவைத்துவிட்டுப் போகும், வருடங்கள் கழித்துக் குழந்தை நிற்கவில்லை என்று ஸ்கேனும் டெஸ்டுமாக அலையும்போதுதான் காரணம் தெரியும். கரு குழாயிலேயே தங்கிவிடவும் கூடும். மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் ஒரு பக்கம் கடுமையாக வலித்துத் தலை சுற்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சரி, எங்கே போவது? தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சுகவாழ்வு மையம் என்று ஒரு பிரிவு உண்டு, பால்வினை நோய்களுக்காகவே வைத்தது, காசு கிடையாது. ஓபி சீட்டு போடும் இடத்தில் கூட்டத்துக்கு நடுவில் நோயைச் சொல்ல வேண்டியதில்லை, "மகளிர் பிரிவு" என்றால் போதும். எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். உங்கள் சம்மதம் இல்லாமல் அந்த டெஸ்டை எடுக்கவும் முடிவை வெளியே சொல்லவும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணம் இல்லை.

போகிற அன்று சோப்போ டெட்டாலோ போட்டு உள்ளே கழுவாதீர்கள் (மற்ற நாளிலும் வேண்டாம், நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்). மாதவிலக்கு முடிந்த பிறகு போவது நல்லது. படுக்கவைத்து வாத்து அலகு மாதிரி ஒரு கருவியை வைத்து விரித்துப் பார்ப்பார்கள், பஞ்சு சுற்றிய குச்சியால் கொஞ்சம் தொட்டு எடுப்பார்கள். ஜில்லென்று இருக்கும், மூச்சை இழுத்து விட்டு இடுப்பைத் தளர்த்தினால் வலி குறையும். பெண் டாக்டரோ நர்ஸோ கூட இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். மாத்திரைகளை நிறம் பிரித்த பாக்கெட்டில் கொடுப்பார்கள்: கருப்பை வாய்த் தொற்றுக்குச் சாம்பல், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். மஞ்சள் பாக்கெட் இரண்டு வாரம் போகும், மூன்றாம் நாள் வலி விட்டதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் மறுபடி ஆரம்பிக்கும்.

அப்புறம் கணவர். டாக்டர் அவருக்கும் மாத்திரை எழுதினால் அவரும் விழுங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் குணமாகி ஒரு மாதத்தில் அதே கிருமி திரும்பி வரும். இருவருக்கும் மருந்து முடிந்து ஒரு வாரம் வரை உறவு வேண்டாம், சில மாத்திரைகளோடு குடியும் கூடாது, அதை அவரிடம் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்ற சண்டை கட்டாயம் வரும். சில தொற்றுகள் தெரியாமலே பல மாதம் உடம்பில் இருக்கும் என்பதால், டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்துத் தேதி கண்டுபிடிக்க முடியாது. "டாக்டர் ரெண்டு பேரையும் வரச் சொன்னார்" என்று ஆரம்பிப்பது எனக்குத் தெரிந்து பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது.

கர்ப்பமாக இருந்தால் முதல் செக்கப்பிலேயே எச்ஐவியோடு சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். கவனிக்காத சிபிலிஸ் குழந்தையை வயிற்றிலேயே பறித்துவிடக்கூடும். நேரத்தில் போட்ட பென்சிலின் ஊசி காப்பாற்றும்.

முப்பது வயது தாண்டியிருந்தால் அதே படுக்கையில் இன்னொரு சோதனையும் கேட்டு வாங்குங்கள். வினிகர் மாதிரி நீர்த்த அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள், வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதிப்பார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்பிவி என்ற பால்வினை வைரஸ்தான், ஆணுறையால் அதை முழுக்கத் தடுக்க முடியாது. அதற்குத் தடுப்பூசி உண்டு, 9 முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம். வீட்டில் அந்த வயதில் பெண் இருந்தால் திரும்புவதற்கு முன் அதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.