தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராவா, பாக்கெட் கேமராவா? மொரீசியஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கைப்பேசிப் படங்களில் மனம் நிறையாமல் தனியாக ஒரு கேமரா வாங்க நினைப்பவர் கடைக்குச் சென்றால், பெரும்பாலும் இரண்டு வகைகளுக்கு இடையே நின்று தடுமாறுகிறார். ஒன்று, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய தொடக்கநிலை மிரர்லெஸ் கேமரா. மற்றொன்று, லென்ஸ் உடலோடு இணைந்திருந்து, அணைத்தவுடன் உள்ளே சுருங்கிக்கொள்ளும் பாக்கெட் கேமரா. மிரர்லெஸ் கேமராவில் சென்சார் (ஒளியைப் பிடித்துப் படமாக மாற்றும் சில்லு) பெரியது, ஆகவே படமும் சிறந்தது என்று விற்பனையாளர் சொல்வார். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி லென்ஸைப் பொறுத்தது. அடுத்த ஓராண்டுக்குள் இரண்டாவது லென்ஸ் ஒன்றை வாங்குவீர்களா என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டுவிட்டால் மற்றவை எளிதாகும். வாங்கப்போவதில்லை என்றால், மிரர்லெஸ் கேமராவுக்காகக் கூடுதல் சுமையைத் தூக்கித் திரிவதில் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து.

சென்சார் அளவுகளை முதலில் பார்த்துவிடலாம். மலிவான பாக்கெட் கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குலச் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையிலும் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 கேமராவிலும் உள்ள, 1 அங்குலம் என்று அழைக்கப்படும் சென்சாரின் பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். கேனான் ஆர்50, ஆர்100 போன்ற தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரோ சுமார் 332 சதுர மில்லிமீட்டர். இவற்றுள் முதல் வகையை இன்று வாங்கவே வேண்டாம். நல்ல கைப்பேசி ஒன்று அந்த வேலையை அதைவிடச் செம்மையாகச் செய்துவிடும். நீருக்குள் படம் எடுப்பதற்கான கேமரா மட்டும் இதற்கு விலக்கு. அதைப் பின்னர் சொல்கிறேன். ஆகவே உண்மையான போட்டி 1 அங்குலச் சென்சாருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாருக்கும் இடையில்தான்.

மிரர்லெஸ் கேமராவுடன் ஒரே பெட்டியில் வரும் கிட் லென்ஸ், விலையையும் எடையையும் குறைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. கேனானின் 18-45 மி.மீ. கிட் லென்ஸின் (மி.மீ. எண் கூடக் கூடத் தொலைவு அருகே வரும், காட்சி குறுகும்) துளை, அகலக் கோணத்தில் எஃப் 4.5 ஆகவும் ஜூம் முனையில் எஃப் 6.3 ஆகவும் இருக்கிறது. ஜி7 எக்ஸ் மார்க் 3 கேமராவின் லென்ஸ் எஃப் 1.8 இல் தொடங்கி எஃப் 2.8 இல் முடிகிறது. எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது, உள்ளே வரும் ஒளியும் மிகுதி. சென்சாரின் பரப்பையும் லென்ஸின் துளையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே ஷட்டர் வேகத்தில், அதாவது சென்சாரின் மேல் ஒளி விழும் நேரம் சமமாக இருக்கும்போது, அந்தச் சிறிய கேமரா, கிட் லென்ஸ் பொருத்திய ஆர்50 சேர்க்கும் ஒளியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பெரிய சென்சாரின் மேன்மையைக் கிட் லென்ஸே தின்றுவிடுகிறது.

கோயிலில் இதைப் பொருத்திப் பார்ப்போம். மாலைப் பூசையின்போது, விளக்கொளியும் மங்கிய மின்விளக்கும் மட்டுமே இருக்கும் மண்டபத்தில், பாக்கெட் கேமராவில் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு; கூட்டினால் படத்தில் புள்ளிகள் மிகும்) 1600 என்று வைத்து 1/60 நொடி ஷட்டர் வேகம் கிடைப்பதாகக் கொள்வோம். அதே ஐ.எஸ்.ஓ.வில், ஜூம் முனையில் எஃப் 6.3 என்று நிற்கும் கிட் லென்ஸுக்கு 1/12 நொடிதான் கிடைக்கும். பெரிய சென்சார் கூடுதல் ஐ.எஸ்.ஓ.வைத் தாங்கும் என்பதால் 4500 வரை உயர்த்தினாலும் 1/35 நொடிக்கு மேல் போகாது. அந்த வேகத்தில் அர்ச்சகரின் கையில் சுழலும் தீபாராதனைத் தட்டு ஒளிக்கோடாக இழுபட்டுவிடும். நடந்துவரும் குழந்தையின் முகமும் தெளியாது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கைநடுக்கத்தைச் சரிசெய்யுமே தவிர, எதிரே நிற்பவரின் அசைவை நிறுத்தாது.

இதே மிரர்லெஸ் கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் நிலைமை தலைகீழாகிறது. அதே மண்டபத்தில், அதே ஐ.எஸ்.ஓ. 1600இல், சுமார் 1/145 நொடி கிடைக்கும். 6.3க்கும் 1.8க்கும் இடையே ஒளியின் அளவில் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. கேனானின் இந்த லென்ஸ் 160 கிராம் எடையுள்ளது; அந்த நிறுவனத்தின் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. ஏபிஎஸ்-சி உடலில் அது, 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சாரில் 80 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தைத் தருவதால், ஆள் படத்துக்கும் திருமண மேடைக்கும் பொருத்தமாக இருக்கும்; நெருக்கடியான வீட்டுக் கூடத்தில் முழுக் குடும்பத்தையும் அடக்குவதற்கு மட்டும் அது உதவாது. எனவே விலையை ஒப்பிடும்போது பாக்கெட் கேமராவின் விலைக்கு எதிரே உடலும் கிட் லென்ஸும் மட்டும் சேர்ந்த விலையை வைக்காமல், இந்த இரண்டாவது லென்ஸின் விலையையும் கூட்டி வைத்துப் பாருங்கள். அந்தத் தொகை கையைக் கடித்தால், அதுவே உங்களுக்கான விடை.

வெளிச்சம் குறைவில்லாத இடத்தில் கணக்கு வேறு. தைப்பூசக் காவடி சனவரி, பிப்ரவரி மாதங்களில், அதாவது நம் தீவின் கோடையில் வருகிறது. ஊர்வலம் நகரும் நேரத்தில் வெயில் கொளுத்தும். அப்போது துளை எண்ணைவிட, கேமராவின் பின்திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே முதன்மையாகிவிடுகிறது. உச்சி வெயிலில் திரை கறுத்துப்போய், எதை எடுக்கிறோம் என்றே தெரியாமல் போகும்போது கண்ணில் ஒற்றிப் பார்க்கும் வியூஃபைண்டரின் அருமை புரியும். ஆர்50, ஆர்100 இரண்டிலும் அது உண்டு. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 ஆகிய மிரர்லெஸ் கேமராக்களில் இல்லை. பாக்கெட் கேமராக்களில் ஆர்எக்ஸ்100 மார்க் 7இல் மேலெழும்பும் சிறிய வியூஃபைண்டர் இருக்கிறது. ஜி7 எக்ஸ் மார்க் 3இல் கிடையாது.

காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலின் படிகளில் காவடி ஏறும்போது, கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவருக்குத் தொலைவை அருகே கொண்டுவரும் லென்ஸ் தேவைப்படும். அதே 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில், கிட் லென்ஸின் 45 மி.மீ. முனை 72 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது, சட்டைப் பைக்குள் அடங்கும் ஆர்எக்ஸ்100 மார்க் 7 லென்ஸோ 200 மி.மீ. வரை நீள்கிறது. கன்னத்தில் வேல் தரித்தவரின் முகத்துக்கு முன்னே போய் நின்று வழிமறிக்காமல், ஓரமாக நின்று எடுக்க அந்த நீளம் உதவும். எந்தக் கேமராவானாலும், அலகு குத்தும் இடத்திலும் கருவறைக்கு அருகிலும் கேட்டு அனுமதி பெற்ற பிறகே படம் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குவியத்தைப் பொறுத்தவரை மிரர்லெஸ் கேமராவுக்கே வெற்றி. ஆர்50 முகத்தையும் கண்ணையும் அடையாளம் கண்டு விடாமல் பின்தொடரும். ஜி7 எக்ஸ் மார்க் 3 படத்தின் ஒளி-நிழல் மாறுபாட்டை அளந்து குவியத்தைத் தேடும் பழைய முறையைக் கையாளுவதால், நம்மை நோக்கி நடந்துவருபவரை எடுக்கும்போது முன்னும் பின்னும் தடுமாறும். ஆர்எக்ஸ்100 மார்க் 7இல் இந்தக் குறை இல்லை. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. ஓடியாடும் பிள்ளைகளே உங்கள் முதன்மையான பொருள் என்றால், இந்த ஒரு பத்தியே முடிவைத் தீர்மானிக்கலாம்.

எடையில் வேறுபாடு தாளில் தெரிவதைவிடப் பழக்கத்தில் மிகுதி. கிட் லென்ஸுடன் ஆர்50 சுமார் 505 கிராம். ஜி7 எக்ஸ் மார்க் 3 சுமார் 304 கிராம். இருநூறு கிராம் பெரிய சுமையன்று. ஆனால் முன்னதற்குத் தனிப் பை வேண்டும், பின்னது 41 மி.மீ. தடிமனில் சட்டைப் பையில் போய்விடும். வாழையிலையில் ஏழு கறிகளையும் பரிமாறி வைத்த பந்தியில், பையைத் திறந்து கேமராவை எடுப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வந்துவிடுவார். இலையை மிக அருகில் போய் எடுக்கவும் சிறிய கேமராவே வசதி. அகலக் கோணத்தில் அது 5 செ.மீ. நெருக்கத்திலும் குவியும், 50 மி.மீ. லென்ஸுக்கோ 30 செ.மீ. இடைவெளி வேண்டும்.

திருமண வரவேற்புகளில் படம் எடுப்பவர் ஃபிளாஷ் பற்றியும் எண்ண வேண்டும். வெள்ளைக் கூரையை நோக்கி ஃபிளாஷைத் திருப்பி, எதிரொளியில் எடுத்தால் முகங்கள் இயல்பாக விழும். ஜி7 எக்ஸ் மார்க் 3, ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஆகிய பாக்கெட் கேமராக்களில் வெளி ஃபிளாஷைப் பொருத்த இடமே இல்லை. ஆர்50இல் உண்டு, ஆனால் கேனானின் பழைய ஃபிளாஷ்களைப் பொருத்த அதற்கு ஓர் அடாப்டர் தேவைப்படும்.

கடற்கரையில் இரண்டு வகையும் பலவீனமானவையே. தொடக்கநிலை மிரர்லெஸ் உடல்களுக்கு மழை, தூசிக் காப்பு இல்லை. ஃபிளிக் ஆன் ஃபிளாக் மணலில் நின்று லென்ஸை மாற்றினால் சென்சாரில் தூசி படியும், காருக்குள் அமர்ந்து உடலைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுவது நல்லது. பாக்கெட் கேமராவிலோ வெளியே நீண்டு உள்ளே போகும் லென்ஸ் குழலில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அது பாதியில் நின்றுவிடும். உள்ளே தூசி புகுந்தால் நாமே துடைக்கவும் முடியாது. காயல் நீரில் மீன்களைப் படம் எடுப்பதே நோக்கம் என்றால், 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்றது பொருத்தம். அதன் சென்சார் சிறியது என்பதை ஏற்றுக்கொண்டு வாங்க வேண்டும். கியூர்பிப் போன்ற ஈரமான மேட்டுப் பகுதியில் வாழ்பவர்கள் எந்த லென்ஸையும் துணிப் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது. இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

பழைய கேமரா வாங்குவதாயின், பாக்கெட் கேமராவைப் பல முறை இயக்கி அணைத்து, ஜூமை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்ற ஒலி வந்தால் விட்டுவிடலாம். பிறகு துளையை எஃப் 11 வரை சுருக்கித் தெளிந்த வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், உள்ளே இருக்கும் தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். மிரர்லெஸ் உடலில் அத்தகைய புள்ளி இருந்தாலும் துடைத்துக்கொள்ளலாம் என்பதால் பழைய பொருளில் அதுவே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

ரீயூனியனிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வாங்கி வருவது நம்மிடையே வழக்கம்தான். உள்ளூர் விலையில் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி சேர்ந்திருப்பதால் வெளிவிலை மலிவாகத் தெரியும். ஆனால் பழுதானால் அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சார்ஜர் செருகி பற்றிக் கவலை வேண்டாம், நம் வீடுகளில் பிரிட்டிஷ் முறை, பிரெஞ்சு முறை இரண்டும் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த கேமராவானால் மட்டும், முதல் நாளிலேயே அமைப்புகளுக்குள் சென்று காணொளி முறையை என்டிஎஸ்சி (NTSC) என்பதிலிருந்து பிஏஎல் (PAL) என்பதற்கு மாற்றிவிடுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்கு எரியும் மண்டபத்தில் 1/60 நொடி வேகத்தில் எடுத்த காணொளியில் வரிகள் ஓடும். 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் ஓடாது.