எல்லா ஸ்கிரீனுக்கும் ஒரே டேட்டாபேஸ் போதும்
தோவாளை பூச்சந்தைக் கடைக்காரருக்கு ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்கிரீனில் பிச்சிப்பூ விலையை மாற்றினால், பில் போடும் ஸ்கிரீனில் உடனே புது விலை வந்தாக வேண்டும், பழைய விலையில் ஒரு பில் போனாலும் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் ரூம் (Room, போனுக்குள்ளேயே தகவலைச் சேமிக்க உதவும் ஆண்ட்ராய்டு லைப்ரரி) டேட்டாபேஸைப் புதிதாக பில்ட் செய்யாதீர்கள். ஃபைல் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் டேபிளில் நடந்த மாற்றத்தைக் கவனித்துச் சொல்லும் வேலையை இப்படி பில்ட் செய்த ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தனக்கென்று தனியாகத்தான் செய்கிறது, ஆகவே ஒன்றில் எழுதிய விலை மற்றதன் ஃப்ளோவுக்கு, அதாவது மாறும் தகவலை ஸ்கிரீனுக்குத் தொடர்ந்து கொண்டுவரும் வழிக்கு, தானாகத் தெரியவே தெரியாது.

ஆப் முழுவதற்கும் ஒன்றாக இருக்கும் அப்ளிகேஷன் கிளாஸில், அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் கொடுத்து டேட்டாபேஸை ஒரே ஒரு தடவை உருவாக்கி, எல்லா ஸ்கிரீனும் அதையே கேட்டு வாங்கட்டும். ஹில்ட் (தேவையான ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கிக் கொடுக்கும் லைப்ரரி) வைத்திருந்தால் சிங்கிள்டன் (ஆப் முழுக்க ஒன்றே ஒன்று) என்று குறித்தால் சரி. ஒரு ஸ்கிரீன் மூடும்போது டேட்டாபேஸை குளோஸ் செய்வது பெரிய தப்பு, மற்ற ஸ்கிரீன்கள் அதைத்தான் நம்பி இருக்கின்றன.

அப்புறம், அடுத்த ஸ்கிரீனுக்குப் போகும்போது இன்டென்ட்டில் (அந்த ஸ்கிரீனைத் திறக்கச் சொல்லும் செய்தியில்) பூவின் ஐடியை மட்டும் அனுப்புங்கள். முழுப் பட்டியலையும் அனுப்பினால், சுமார் 1 எம்பி எல்லையைத் தாண்டியதும் ஆப் கிராஷ் ஆகும்.