பாம்பன் வெக்கையில கிறிஸ்மஸ் கேக்டஸ் பூக்கணும்னா மீன் பெட்டிதான் வழி

கொடைக்கானல்ல மொட்டும் பூவுமா இருந்த ஒரு கிறிஸ்மஸ் கேக்டஸ வாங்கி மடியிலயே வச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன், பரமக்குடி தாண்டுறதுக்குள்ளயே குலுக்கல்ல நாலஞ்சு மொட்டு உதிர்ந்துச்சு, வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துல மிச்சமும் கொட்டிருச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷம் செடி தளதளன்னுதான் நின்னுச்சு ஆனா ஒரு மொட்டு கிடையாது. உரம் பத்தலன்னு நெனச்சு உரமா போட்டேன், இன்னும் நல்லா தழைச்சுச்சு அவ்ளோதான்.

பேருதான் கள்ளி, நம்மூரு சப்பாத்திக்கள்ளிக்கும் இதுக்கும் குணத்துல சம்பந்தமே இல்ல. பிரேசில் நாட்டு தென்கிழக்குல கடலோர மலைக்காட்டுல மரக்கவட்டையிலயும் பாறை இடுக்குலயும் வளர்றது, அங்க மூடுபனியும் நிழலும் ஈரமும் இருக்கும். ராத்திரி நீளமா இருக்கணும், குளிரணும், இந்த ரெண்டு சேதியையும் சேத்து வச்சுதான் அது பூக்குறத பத்தியே யோசிக்கும். ராத்திரி 15 டிகிரிக்குக் கீழ போனா நீளத்த பெருசா கண்டுக்காது, 15ல இருந்து 20 வரைக்கும்னா தினம் 13 மணி நேரமாச்சும் கும்மிருட்டு வேணும், 24ஐ தாண்டிட்டா எவ்ளோ இருட்டுல வச்சாலும் மொட்டு வர்றது கஷ்டம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உசரம், அங்க அது பாட்டுக்கு பூக்குது. நமக்கு மார்கழி வாடையிலயே ராத்திரி 22க்குக் கீழ இறங்குனா அதிசயம், வருஷத்துலயே நீளமான ராத்திரி கூட பன்னெண்டரை மணி நேரத்த தொடாது. ஆக ரெண்டுலயும் நமக்கு பெயில், ரெண்டையும் நாமளேதான் செஞ்சு குடுக்கணும்.

பெட்ரூம்ல ஏசி இருக்குறவங்களுக்கு வேலை லேசு. சாயங்காலம் அஞ்சரைக்கு செடிய ரூம் மூலையில தரையில வச்சு (குளிர் கீழதான் தங்கும்) மேல மிக்சி வந்த அட்டைப்பெட்டிய கவுத்துருங்க, காலையில ஏழரைக்கு எடுத்து கிழக்கு ஜன்னல் பக்கம் வச்சுருங்க, நேர் வெயில் படக்கூடாது, பட்டா செவந்துரும். ஏசி காத்து நேரா செடி மேல அடிக்கிற மாதிரியும் வைக்காதீங்க.

எங்க வீட்ல ஏசி இல்ல. மீன் ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டிக்கு நம்ம பக்கம் பஞ்சமா என்ன, ஒண்ணு வாங்கி நல்லா கழுவி வெயில்ல காயப்போட்டு அதுக்குள்ள செடிய ஒரு பக்கமும் ரெண்டு லிட்டர் பாட்டில் நிறைய உறைஞ்ச தண்ணிய இன்னொரு பக்கம் ஒரு தட்டுலயும் வச்சு அதே நேரக் கணக்குல மூடிட்டேன், பாட்டில் செடிய தொடாம பாத்துக்கணும். வெள்ளை தெர்மாகோல் கொஞ்சம் வெளிச்சம் விடும், அதனால மேல கருப்பு போர்வைய ரெண்டு மடிப்பா போத்துங்க. ஒரு தெர்மாமீட்டர் உள்ள போட்டு பாத்தேன், வெளிய 27 இருந்தப்ப உள்ள 21 காட்டுச்சு. என்னதான் கழுவுனாலும் மீன் வாடை போகாது, முதல் ராத்திரியே பூனை வந்து பெட்டிய உருட்டிருச்சு, இப்ப மேல ஒரு பலகையும் அம்மிக்குழவியும் ஏறியிருக்கு.

இருட்டுன்னா இருட்டு. எங்கம்மா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ராத்திரி மூடிய தூக்கி லைட் போட்டு காமிச்சுட்டு இருந்தாங்க, அந்த வருஷம் அதனாலயே போச்சு. என்னைக்காச்சும் ஒரு தடவன்னா போகட்டும், தினமும் நடு ராத்திரி வெளிச்சம் பட்டா செடி ராத்திரி சின்னதுன்னு நெனச்சுக்கும். தெரு லைட்டு, வாசல்ல கட்டுற கிறிஸ்மஸ் ஸ்டார் எல்லாமே எதிரிதான்.

இப்படி ஆறு வாரமாச்சும் ஒரு நாள் விடாம செய்யணும், மொட்டு வந்து விரிய மேல ஒரு ஆறு வாரம் ஆகும். டிசம்பர் 25க்கே பூ வேணும்னா செப்டம்பர் கடைசியில ஆரம்பிக்கணும், ஆனா அப்ப நம்ம பக்கம் புழுக்கம் தாங்காது, ஐஸ் பாட்டில் விடியிறதுக்குள்ள உருகிரும். கார்த்திகையில ஆரம்பிச்சு பிப்ரவரியில பூக்குறத பாக்குறதுதான் புத்திசாலித்தனம், தேதி பாத்து பூக்கலன்னு யாரும் அடிக்கப் போறதில்ல.

தண்ணி விஷயத்துலதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க. போர் தண்ணி உப்பு, ஊத்த ஊத்த மண்ணுல உப்பு சேர்ந்து இலை மாதிரி தட்டையா இருக்குற தண்டுத் துண்டெல்லாம் சுருங்கும், சுருங்குதேன்னு இன்னும் ஊத்துவோம், வேர் அழுகிரும். ஐப்பசி மழையில மொட்டைமாடி தண்ணிய ஒரு டிரம்முல புடிச்சு வச்சுக்கோங்க, இல்லன்னா குழாய்ல வர்ற காவிரித் தண்ணி. பெட்டிக்குள்ள போற ஆறு வாரமும் மேல் மண்ணு விரல் நுனி அளவு காஞ்சா மட்டும் ஊத்துங்க, உரம் ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திருங்க.

மண்ணுக்கு கடக்கரை மணல் கலக்கவே கூடாது, பக்கத்து வீட்டு மதினி கலந்து ஒரு செடிய கொன்னுட்டாங்க. நான் போடுறது கழுவுன தென்னை நார்த்தூள் ரெண்டு பங்கு, மக்குன எரு ஒரு பங்கு, சீமைக்கருவேல கரி சுண்டக்கா சைசுக்கு உடைச்சு தூசி போக கழுவுனது ஒரு பங்கு. நம்ம ஜில்லாவுல கரிமூட்டத்துக்கா குறைச்சல்! தொட்டி சின்னதாவே இருக்கட்டும், வேர் கொஞ்சம் நெருக்கமா இருந்தாதான் அதுக்கு புடிக்கும்.

கடையில கிறிஸ்மஸ் கேக்டஸ்னு விக்கிறதுல பாதிக்கு மேல துண்டோட ஓரத்துல கூரா பல்லு இருக்கும், அது வேற இனம், கொஞ்சம் முந்தி பூக்கும். நிஜ கிறிஸ்மஸ் கேக்டஸுக்கு ஓரம் மழுங்கலா வளைஞ்சிருக்கும். வளக்குற முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

நுனியில அரிசி மாதிரி செவப்பா மொட்டு தெரிஞ்சதும் பெட்டிய தூக்கிப் போட்டுறலாம், ஆனா தொட்டிய இடம் மாத்தாதீங்க, மண்ணு முழுசா காயவும் விடாதீங்க, ரெண்டுல எது நடந்தாலும் மொட்டு கொட்டும். பூ முடிஞ்சப்புறம் நுனியில ரெண்டு மூணு துண்ட சேத்து திருகி எடுத்து, ஒரு நாள் நிழல்ல காயவிட்டு, அதே கலவையில ஊனுனா வேர் புடிச்சுக்கும். மதினிக்கு நான் திரும்ப குடுத்தது அப்படி வந்ததுதான், இந்தத் தடவ மணலப் பக்கத்துலயே விடல.