பழைய ஃப்ராக் கோட்டின் மார்புக்குப் பஞ்சு லைனிங் தைப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) காலத்து அதிகாரிகளின் புகைப்படங்களைப் பாருங்கள். மார்பு நிமிர்ந்து, இடுப்பு ஒடுங்கி நிற்பார்கள். உடல்வாகு என்று நினைத்துவிடுகிறோம். பாதி வேலை அவர்கள் அணிந்த ஃப்ராக் கோட்டுக்குள், அதாவது இடுப்பை ஒட்டி முழங்கால் வரை நீளும் ஆண்கள் கோட்டுக்குள், ஒளிந்திருக்கிறது. மார்புப் பகுதி லைனிங்கில் பஞ்சு வைத்து வரிவரியாகத் தைத்திருப்பார்கள். அதிகாரிகள் சீருடையைச் சொந்தக் காசில் தைத்துக்கொண்டார்கள். அதனால் பொதுமக்களின் ஃப்ராக் கோட்டில் தையல்காரர் காட்டிய அதே கைவேலை ராணுவக் கோட்டிலும் வந்தது.

தைக்க உட்காரும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தப் பஞ்சு முக்கியமாகக் குளிருக்காக அல்ல. தோளுக்குக் கீழே, கைக்குழிக்கு முன்னால் துணி உள்வாங்கும் பள்ளத்தை நிரப்பத்தான். அங்கே தடிமன், மற்ற எல்லாப் பக்கமும் மெலிவு.

மேலே கறுப்புப் பட்டு அல்லது பளபளப்பான பருத்தி, அடியில் மெல்லிய மல் துணி, நடுவில் பருத்தி அல்லது கம்பளிப் பஞ்சு விரிப்பு. இலவம்பஞ்சு வேண்டாம், அதன் இழை குட்டையாக, வழுவழுப்பாக இருப்பதால் ஓரிடத்தில் திரண்டுவிடும்.

முதலில் கோட்டின் முன்பக்க லைனிங் அளவைத் துணியில் சாக்பீஸால் வரையுங்கள். வெட்டாதீர்கள்! சுற்றிலும் இரண்டு அங்குலம் விட்டுச் சதுரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்துத் தைக்கத் தைக்கத் துணி சுருங்கும். நான் முதன்முதலில் அளவாக வெட்டிவிட்டுத் தைத்தேன். தோள் தையலை எட்டவே இல்லை. ஒரு நல்ல பட்டுத் துண்டு வீணானது இன்றும் வருத்தம்தான்.

அடுத்து பஞ்சு. உள்ளங்கை அளவில் ஒரு அடுக்கு, அதைவிடப் பெரிதாக ஒன்று, அதற்கும் மேல் பெரிதாக ஒன்று என மூன்று அடுக்குகள். ஓரங்களைக் கத்தரியால் வெட்டினால் வெளியே கோடு தெரியும். விரலால் கிள்ளிக் கிள்ளி இழுங்கள். ஓரம் புகைபோலக் கரைய வேண்டும். பொத்தான் துளை வரும் முன்விளிம்பிலும் தோள் தையலிலும் பஞ்சே கூடாது.

மல் துணி, பஞ்சு, பட்டு என அடுக்கிக் கச்சாத் தையல் (தற்காலிகத் தையல்) போடுங்கள். பிறகு முக்கால் அங்குல இடைவெளியில் சாய்வுக் கோடுகள். தையல் மெஷின் 1850-களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டதால் மெஷினில் தைப்பதும் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் முதல்முறை கையால் ஓட்டுத் தையல் போடுங்கள் என்பேன். நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பதை விரல்தான் கற்றுத்தரும்: பட்டு லேசாகக் குழிய வேண்டும், சுருக்கம் விழக்கூடாது. நடுக்கோட்டில் தொடங்கி இரு பக்கமும் நகருங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் பஞ்சு நடுவில் குவியும்.

தைத்து முடித்த பின்புதான் அளவுக்கு வெட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை அழுத்தாதீர்கள். ஆவி மட்டும் காட்டினால் போதும்.

கோட்டில் கச்சாவாக வைத்து அணிந்து பாருங்கள். வெளிப்புறக் கம்பளித் துணியின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள். பஞ்சு எங்கே முடிகிறது என்று கைக்குத் தட்டுப்பட்டால், அந்த ஓரத்தின் தையலைப் பிரித்து இன்னும் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிட்டுத் திரும்பத் தையுங்கள்.