பி-பாப் ரசிகர் பேச்சு புரிய வேண்டுமா? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பினி, எஸ்பி19 என்று பிலிப்பைன்ஸ் பாப் (சுருக்கமாக பி-பாப்) குழுக்களின் பாட்டு பிடித்துப்போய் ரசிகர் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால், முதலில் எதுவுமே புரியாது. அந்த நாட்டு மொழியான டகாலோக்கின் அகராதியைத் திறந்தாலும் பாதிக்கு மேல் கிடைக்காது. ரசிகர்கள் எழுதுவது டகாலோக், ஆங்கிலம், ஸ்பானியச் சொற்கள், தெருப்பேச்சு எல்லாம் கலந்தது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். சொற்கள் எந்த வழியில் உருவாகின்றன என்று பிடித்துக்கொண்டால், நாளைக்குப் புதிதாக வரும் சொல்லும் தானாகப் புரியும்.

படி 1: முதலில் பெயர்கள்

எஸ்பி19 குழு 2018 அக்டோபரில் அறிமுகமானது. பெயரில் இருக்கும் 19, பிலிப்பைன்ஸின் தொலைபேசி எண் 63, தென்கொரியாவின் 82, இவற்றின் நான்கு இலக்கங்களையும் கூட்டினால் வருவது. அவர்களுடைய ரசிகர்களுக்குப் பெயர் 'எய்ட்டீன்'. 19க்கு முன்னால் வருவது 18 அல்லவா? அதை எழுத்தில் எழுதும்போது டகாலோக்கில் 'நம்முடையது' என்று பொருள் தரும் 'ஆத்தின்' ஆகிவிடும். ஒரே பெயரில் எண்ணும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட அழகான ரசிகர் பெயர் எந்த நாட்டிலும் இல்லை.

எஸ்பி19இன் ஐந்து பேரையும் சேர்த்து 'மஹாலிமா' என்பார்கள். மஹால் என்றால் அன்பு, லிமா என்றால் ஐந்து. பாப்லோவை யாராவது செஜுன் என்று எழுதினால் குழம்ப வேண்டாம், அது அவருடைய பழைய மேடைப் பெயர். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் கோழிக்குஞ்சு எமோஜி இருந்தால் அவர் கென்னின் ரசிகர்.

பினி எட்டுப் பெண்கள் கொண்ட குழு, 2021 ஜூனில் அறிமுகம். இளம்பெண்ணைக் குறிக்கும் 'பினிபினி' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ரசிகர்கள் 'ப்ளூம்ஸ்'. 'வாலோ ஹங்காங் டூலோ' என்று அடிக்கடி பார்ப்பீர்கள்: 'எட்டுப் பேரும் கடைசி வரை'. யாரும் விலகக் கூடாது என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது, அதனால் அதைச் சாதாரண முழக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் இரண்டு பெயர்கள்: அலாமாத் குழுவின் ரசிகர்கள் 'மகிலியு', பிஜிஒய்ஓ குழுவின் ரசிகர்கள் 'ஏசஸ்'.

ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் வைப்பதைக் கொரியாவிடமிருந்து கற்றதாகச் சிலர் சொல்வார்கள். ஆனால் நடிகை நோரா ஔனோரின் ரசிகர்கள் 'நோரானியன்', வில்மா சாந்தோஸின் ரசிகர்கள் 'வில்மானியன்' என்று 1970களிலேயே கட்சி பிரிந்து நின்ற ஊர் அது.

படி 2: உறவுமுறையும் மரியாதையும்

இது நமக்குச் சுலபம். கூயா என்றால் அண்ணன், ஆத்தே என்றால் அக்கா. இரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை. தீத்தா, தீத்தோ என்பவை ஸ்பானிய வழி வந்த அத்தை, மாமா. நாற்பது வயது ரசிகை தன்னை 'தீத்தா' என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார். 'புன்சோ' என்றால் கடைக்குட்டி: எஸ்பி19இல் ஜஸ்டின், பினியில் ஷீனா.

அப்புறம் 'போ'. நாம் 'சரிங்க', 'வாங்க' என்று சேர்க்கும் 'ங்க' செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. 'சலாமத்' என்றால் நன்றி, 'சலாமத் போ' என்றால் நன்றிங்க. கலைஞர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் போ சேர்த்தே எழுதுங்கள். வேறு எந்தச் சொல்லைத் தப்பாகப் போட்டாலும் இந்த ஒரு சொல் உங்களைக் காப்பாற்றும்.

படி 3: தலைகீழ்ச் சொற்கள்

பிலிப்பினோ தெருப்பேச்சின் உயிர்நாடி இது. 'பலிக்தாத்' என்றால் தலைகீழ். அதையே புரட்டி, இந்தப் பேச்சுக்கு 'தாத்பலிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

புரட்டுவதில் இரண்டு வகை. ஒன்று, எழுத்துகளைக் கடைசியிலிருந்து படிப்பது. ஆங்கில 'ஐடல்' என்ற சொல்லை இப்படிப் புரட்டியதுதான் 'லோடி', நாம் தலைவா என்கிறோமே அது. 'மிஸ்மோ' என்றால் அதேதான். புரட்டினால் 'ஓம்சிம்', நீங்கள் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்று, அசைகளை இடம் மாற்றுவது. 'மலுபித்' என்றால் கொடூரம், பேச்சு வழக்கில் நம் 'வெறித்தனம்' போலப் பாராட்டு. அதை ம-லு-பித் என்று பிரித்து, கடைசி அசையை முன்னால் கொண்டுவந்தால் 'பெத்மாலு'. பவர் என்ற சொல் இப்படித்தான் 'வேர்பா' ஆனது.

லோடி, பெத்மாலு, வேர்பா மூன்றும் 2017 வாக்கில் நாடு முழுக்கப் பரவின. ஆனால் முறை பழையது. கெத்து என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் சொல்லும் 'அஸ்திக்', உறுதியைக் குறிக்கும் 'திகாஸ்' புரண்டு வந்தது. 1970களின் 'ஜெப்ராக்ஸ்' என்ற சொல், 'ப்ராஜெக்ட்ஸ்' புரண்டு பிறந்தது. ஆகவே தெரியாத சொல் வந்தால் முதலில் புரட்டிப் பாருங்கள், அப்புறம் தேடலாம்.

படி 4: பெக்கி பேச்சு

'சரோத்' என்றோ அதைச் சுருக்கி 'ச்சார்' என்றோ ஒரு வரி முடிந்தால், 'சும்மா சொன்னேன்' என்று பொருள். இதுபோன்ற எத்தனையோ சொற்கள் பிலிப்பைன்ஸின் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களும் திருநங்கைகளும் தங்களுக்குள் வளர்த்த இந்தப் பெக்கி பேச்சிலிருந்து வந்தவை. பிரபலங்களின் பெயரை ஒலி ஒற்றுமைக்காகச் சொல்லாக்குவது அவர்களுடைய தனித் திறமை. நடிகை லூஸ் வால்டெஸ் பெயரின் முதல் பாதி ஆங்கில 'லூஸ்' போல ஒலிப்பதால், 'லூஸ் வால்டெஸ்' என்றால் தோற்றுப்போனோம். நடிகை ஜெல்லி டி பெலென் பெயர் 'ஜெலஸ்' போலத் தொடங்குவதால், பொறாமைக்கு அந்தப் பெயர். விருது வாக்கெடுப்பு முடிந்த இரவில் யாராவது லூஸ் வால்டெஸ் என்று எழுதினால், ஜெயிக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் பாதுகாப்புக்காக உருவாக்கிய பேச்சு இன்றைக்கு ஒரு நாட்டின் பாப் உலகத்தையே பேச வைக்கிறது. பயன்படுத்தும்போது அந்த மரியாதை நம்மிடம் இருக்க வேண்டும்.

படி 5: தினமும் வரும் சொற்கள்

'கனாப்' என்றால் நிகழ்ச்சி, நடப்பு. 'தஸர்வ்' என்றால் இந்தப் பெருமைக்குத் தகுதியானவர்கள். 'ரெசீபோ' என்றால் ரசீது, அதாவது ஆதாரம். 'மரிடெஸ்' என்றால் வம்பு பேசுபவர். 'பார்டகூலன்' என்றால் விளையாட்டுச் சண்டை, வெளியிலிருந்து பார்த்தால் நிஜச் சண்டை போலவே இருக்கும், பதறாதீர்கள்.

'நபூடோல் ஆக்கோ' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பூடோல் என்பது, மயக்கியது போலப் பேசிப் பணத்தைக் கறக்கும் மோசடி. வாங்கவே கூடாது என்றிருந்து கடைசியில் டி-ஷர்ட்டும் புகைப்பட அட்டையும் வாங்கிவிட்ட ரசிகர் சொல்வது இது.

எனக்கு மிகவும் பிடித்தது 'அயூடா'. ஸ்பானியத்தில் உதவி என்று அர்த்தம். 2020 ஊரடங்கில் அரசு கொடுத்த நிவாரணத்துக்கு இதுதான் பெயர், மக்கள் அதற்காகக் காத்துக் கிடந்தார்கள். ரசிகர்கள் அதை எடுத்துக்கொண்டு, பல நாள் மௌனத்துக்குப் பிறகு கலைஞர் போடும் ஒரு செல்ஃபிக்கோ சின்ன வீடியோவுக்கோ அயூடா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கஷ்ட காலத்துச் சொல்லைச் சந்தோஷத்துக்குத் திருப்பிக்கொண்ட விதம் அந்த மக்களுக்கே உரியது.

படி 6: முன்னொட்டுகள்

நாம் எந்த ஆங்கிலச் சொல்லோடும் 'பண்ணு' சேர்ப்போம். அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். 'மாக்-ஸ்ட்ரீம் தாயோ' என்றால் ஸ்ட்ரீம் பண்ணுவோம் வாங்க, 'நாக்-ஸ்ட்ரீம் நா ஆக்கோ' என்றால் நான் பண்ணிட்டேன். 'நகாகா' சேர்ந்தால் ஓர் உணர்வை உண்டாக்குவது: 'நகாகா-ப்ரவுட்', பெருமைப்பட வைக்கிறது. 'கிலிக்' என்பது காதல் காட்சியிலோ பிடித்தவரைப் பார்த்தாலோ உடம்பில் ஓடும் சிலிர்ப்பு. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் சேர்ந்துவிட்டது. 'கினிகிலிக் ஆக்கோ' என்றால் எனக்குச் சிலிர்க்கிறது.

படி 7: ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள்

"மாம்ஷ், மாய் கனாப் பா மமயா? வாலாங் அயூடா, குதோம் நா ஆங் ப்ளூம்ஸ். சரோத்!"

மாம்ஷ் என்பது தோழியை அழைப்பது. மாய் என்றால் இருக்கிறது, பா கேள்விக்கு, மமயா என்றால் பிறகு. வாலாங் என்றால் இல்லாமல், குதோம் நா என்றால் பசி வந்துவிட்டது. ஆக: "ஏய், அப்புறம் ஏதாவது நிகழ்ச்சி இருக்கா? ஒரு படமும் வரலை, ப்ளூம்ஸ் எல்லாம் பட்டினி. சும்மா சொன்னேன்!" ஆறே சொல் கொண்ட அந்த இரண்டாவது வாக்கியத்தில் நிவாரண வரிசை முழுக்க இருக்கிறது.

படி 8: கச்சேரிக்குப் போவதாக இருந்தால்

மணிலா பெருநகரப் பகுதியின் கேசோன் நகரில் இருக்கும் அரனேட்டா கொலிசியம் அரங்கை 'பிக் டோம்' என்பார்கள். டிக்கெட்டில் 'எல்பி' கீழடுக்கு, 'யூபி' மேலடுக்கு, 'ஜென் ஆட்' உச்சியில் விலை குறைந்த இடம். 'பசாபை' என்றால் எனக்கும் சேர்த்து வாங்கி வாங்க என்று கேட்பது. பினி ரசிகர்கள் கையில் அசைக்கும் விளக்கு 'ப்ளூம்பில்யா', ப்ளூமும் மின்விளக்கைக் குறிக்கும் 'போம்பில்யா'வும் சேர்ந்தது.

ஓர் எச்சரிக்கை. பினியின் மாலோய், கோலெட் இருவரையும் சேர்த்து 'மாகோலெட்' என்பது போல ஜோடிப் பெயர்கள் நிறைய உண்டு. ரசிகர்களுக்குள் பேசலாம். அந்தக் கலைஞர்களின் சொந்தப் பதிவுகளின் கீழே போய் எழுதாதீர்கள், அது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வரியோடு உள்ளே போங்கள்: "பாகோங் ப்ளூம் போ ஆக்கோ", நான் புது ப்ளூமுங்க. எஸ்பி19 ரசிகர் என்றால் ப்ளூமுக்குப் பதில் எய்ட்டீன். கூடவே, எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று கேட்டுவிடுங்கள்.