சான் ஹோசேயில் கையைக் கடிக்காத பார் கண்டுபிடிப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

மத்திய அமெரிக்காவில் செலவு கூடிய நாடுகளில் கோஸ்ட்டா ரிக்காவும் ஒன்று. அதன் தலைநகர் சான் ஹோசேயில் 'நல்ல பார் எங்கே' என்று ஓட்டல் வரவேற்பில் கேட்டால், பெரும்பாலும் பார்ரியோ எஸ்கலாந்தே பக்கம் கையைக் காட்டுவார்கள். அழகான பகுதிதான். ஆனால் அங்கே ஒரு கிராஃப்ட் பீருக்குக் கொடுக்கும் காசில், நாலு தெரு தள்ளி இரண்டு பீர் குடித்துவிட்டு வயிற்றையும் நிரப்பிக்கொள்ளலாம்.

பார்களின் பெயர்ப் பட்டியல் இங்கே கிடையாது. சிறு பார்கள் கைமாறும், மூடும், பெயர் மாறும். தேடும் முறை தெரிந்தால் எந்த ஆண்டு போனாலும் உதவும்.

படி 1: முதலில் சில சொற்கள்

'சோடா' என்று பலகை வைத்த கடையில் சோடா தேடாதீர்கள். கோஸ்ட்டா ரிக்காவில் சோடா என்றால் நம்மூர் மெஸ் மாதிரி ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. மலிவாகச் சாப்பிட அருமையான இடம், ஆனால் பல சோடாக்களில் மது கிடையாது. 'லிகோரேரா' என்பது பாட்டில் வாங்கிக்கொண்டு போகும் மதுக்கடை. அங்கே வாங்கியதைத் தெருவில் திறந்து குடித்தால் அபராதம் உண்டு. 'கான்டினா', 'பார்', 'பார் இ ரெஸ்தௌரான்தே' ஆகிய மூன்று பலகைகள்தான் உங்களுக்கு வேண்டியவை. இந்த மூன்றில் கான்டினாதான் பழைய வகை: மரக் கவுண்டர், முக்காலி, ஒரு தொலைக்காட்சி, எழுதி அழித்த விலைப் பலகை.

பீருக்குத் தெருமொழியில் 'பிர்ரா'. இம்பெரியல், பில்சென், பவாரியா மூன்றும் உள்நாட்டு பிராண்டுகள். இவற்றைக் கேட்டால் செலவு குறையும். இறக்குமதி பீர் கேட்டால் எந்தக் கான்டினாவிலும் பில் ஏறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் 'போகா'. நேர்ப்பொருள் 'வாய்'. குடியோடு வரும் சிறு தட்டு உணவு, நம்மவர்கள் சைட் டிஷ் என்று சொல்வது. பழைய கான்டினாக்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு போகா விலையிலேயே சேர்ந்து வரும். அந்த வழக்கம் இப்போது குறைந்துவிட்டது, ஆனால் மறையவில்லை. சான் ஹோசேயில் மலிவு எங்கே இருக்கிறது என்பதை பீர் விலை சொல்லாது, இந்தப் போகாதான் சொல்லும்.

ஒரு உதாரணக் கணக்கு. ஓரிடத்தில் பீர் 1,400 கொலோன் (கொலோன் என்பது அந்த நாட்டு நாணயம்), போகா தனி. இன்னொரு இடத்தில் பீர் 1,800, போகா சேர்த்து. பலகையைப் பார்த்தவுடன் முதல் இடம்தான் மலிவு என்று தோன்றும். நாலு பீரும் ஒரு 4,500 கொலோன் தட்டும் என்றால் அங்கே 10,100 ஆகும். இரண்டாவது இடத்தில் நாலு பீரோடு நாலு போகா வந்துவிடும், மொத்தம் 7,200. இரவுச் சாப்பாடும் முடிந்தது. அதனால் தனி பீர் விலையை வைத்து ஒருபோதும் முடிவெடுக்காதீர்கள்.

படி 2: விலைக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்

போய்ச் சேர்ந்த அன்றே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து 350 மில்லி இம்பெரியல் கேன் என்ன விலை என்று பாருங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். பாரில் அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கேட்டால் நியாயம். மூன்று மடங்கு என்றால் அது சுற்றுலாப் பயணிக்கு வைத்த விலை. சாதாரண பாரில் உள்நாட்டு பீர் சுமார் 1,200 முதல் 1,800 கொலோன் வரை இருக்கும். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 500 கொலோன் என்று மனக்கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். மாற்று விகிதம் ஏறி இறங்கும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாலரில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் கடைக்காரர் வைத்ததே விகிதம், அதில் உங்களுக்குத்தான் நட்டம். கொலோனாகவே கொடுங்கள். சிவப்பு 1,000, நீலம் 2,000, மஞ்சள் 5,000 நோட்டுகள் போதும், சிறிய கான்டினாவில் 20,000 நோட்டை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள். இப்போது புழங்குபவை வழுவழுப்பான பாலிமர் நோட்டுகள். யாராவது பழைய காகித நோட்டைச் சில்லறையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். பக்கத்து மேசைக்காரர் கைபேசியில் 'சின்பே மோவில்' வழியாகப் பணம் அனுப்புவதைப் பார்ப்பீர்கள். அதற்கு உள்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும், பயணிக்கு அது உதவாது.

படி 3: பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நாளுக்கு எங்கள் தேர்வு சான் பெத்ரோ. நகர மையத்திலிருந்து கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர், பேருந்தில் போகலாம். கோஸ்ட்டா ரிக்கா பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. வளாகத்துக்கு அருகில் 'காயே டெ லா அமர்குரா', அதாவது கசப்புத் தெரு. பெயர்தான் கசப்பு. மாணவர் கூட்டத்தை நம்பி நடக்கும் தெரு என்பதால் விலையை ஏற்ற முடியாது. சத்தம் அதிகம், விடுமுறைக் காலத்தில் வெறிச்சோடிவிடும்.

பேச்சும் பாட்டும் வேண்டுமென்றால் மையத்துக்கும் சான் பெத்ரோவுக்கும் இடையிலுள்ள லா காலிஃபோர்னியா. உள்ளூர்க்காரர்கள் 'லா காலி' என்பார்கள். எஸ்கலாந்தேவுக்குப் பக்கத்திலேயே இருந்தும் விலை இறங்கிவிடும்.

குடும்பங்கள் வாழும் சாதாரணப் பகுதிகளான குவாதலூப்பே, சப்போத்தே, திபாஸ் போன்றவற்றில்தான் உண்மையான அக்கம்பக்கத்துக் கான்டினாக்கள். கொஞ்சம் ஸ்பானிஷ் பழகிய பிறகு போவது நல்லது.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: மையத்தின் மேற்கே 'லா கோகா கோலா' என்று அழைக்கப்படும் பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்கள். பழைய கோகா கோலா ஆலை இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். பகலில் பேருந்து பிடிக்கலாம், இருட்டிய பிறகு நடக்காதீர்கள். அங்கே மலிவு பார்கள் இருக்கின்றன என்பது உண்மைதான், ஆனால் அங்கே மிச்சமாகும் காசு கைபேசியோடு போய்விடலாம்.

படி 4: முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கதவு எண்ணைச் சொல்லி இங்கே யாரும் வழி காட்டுவதில்லை. 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கு, 50 மீட்டர் கிழக்கு' என்பதுதான் முகவரி. இந்த மீட்டரை டேப் வைத்து அளந்துவிடாதீர்கள். 100 மீட்டர் என்றால் ஒரு தெருக்கட்டம். 200 என்றால் இரண்டு கட்டம், 50 என்றால் பாதிக் கட்டம், 75 என்றால் முக்கால். உண்மையில் கட்டம் 80 மீட்டர் இருந்தாலும் சொல் 100தான்.

அடையாளப் பொருள் இப்போது இல்லாமலும் இருக்கலாம். 'அந்திகுவோ' என்ற சொல் வந்தால் 'முன்பு இருந்த' என்று பொருள். சான் பெத்ரோவில் 'அந்திகுவோ இகெரோன்' என்று சொல்வார்கள். அது ஒரு பழைய அத்தி மரம். மரம் போய்ப் பல காலம் ஆகியும் முகவரி மட்டும் வாழ்கிறது. நம்மூரில் இடித்துவிட்ட தியேட்டரின் பெயரில் பேருந்து நிறுத்தம் இருப்பதை நினைத்துக்கொண்டால் பிடிபட்டுவிடும்.

மையத்தில் மட்டும் எண் முறை சுலபம். 'அவெனிதா' கிழக்கு மேற்காக ஓடும், 'காயே' வடக்கு தெற்காக. மைய அவெனிதாவுக்கு வடக்கே ஒற்றை எண்கள், தெற்கே இரட்டை எண்கள். மையக் காயேவுக்குக் கிழக்கே ஒற்றை, மேற்கே இரட்டை. 'காயே 9, அவெனிதா 1' என்றால் கிழக்குப் பக்கம், மையக் கோட்டுக்குச் சற்று வடக்கு என்று வரைபடம் பார்க்காமலே சொல்லிவிடலாம். கோகா கோலா பகுதி இரட்டை எண் காயேக்களின் பக்கம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

படி 5: நேரம்

மாலை 4.30 முதல் 7 மணி வரைதான் போகும் நேரம். சுமார் 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வெளிச்சத்திலேயே பகுதியைப் பார்த்துவைத்துக்கொள்ளலாம். மே முதல் நவம்பர் வரை பிற்பகல் மழை வழக்கம், குடை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மாதம் 15ஆம் தேதியும் கடைசித் தேதியும் சம்பள நாள், 'கின்சேனா' என்பார்கள். அதை ஒட்டிய வெள்ளிக்கிழமை இடமே கிடைக்காது. சப்ரிஸ்ஸா, அலஹுவேலென்சே என்ற இரு அணிகள் மோதும் கால்பந்து நாளிலும் அப்படித்தான். அன்று அந்த அணிகளின் நிறங்களான ஊதாவோ சிவப்பு-கறுப்போ உடுத்திப் போகாதீர்கள்.

2012ஆம் ஆண்டு மதுச் சட்டப்படி கான்டினா, பார் வகை உரிமத்துக்கு நேரம் காலை 11 முதல் நள்ளிரவு 12 வரை. உணவகமும் நடன அரங்கும் 2.30 வரை நடத்தலாம். ஈஸ்டர் வாரத்தில் வியாழனும் வெள்ளியும் மது விற்கலாமா என்பதை அந்தந்த நகராட்சி முடிவு செய்யும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

படி 6: வாசலில் ஒரு நிமிடம்

உள்ளே போகுமுன் நின்று பாருங்கள். விலை ஸ்பானிஷில் மட்டும், கொலோனில் மட்டும் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. மேசைகளில் சிறு தட்டுகள் தெரிகின்றனவா? பல வயதுக்காரர்களும் பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்களா? வேலை முடிந்து வந்தவர்கள் சீருடையோடு இருந்தால் இன்னும் நல்லது. வாசலில் ஒருவர் நின்று ஆங்கிலத்தில் கூப்பிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

படி 7: உட்காருமுன் மூன்று கேள்விகள்

'ஆ கோமோ எஸ்தா லா இம்பெரியல்?' இம்பெரியல் என்ன விலை?

'வியேனே கோன் போகா?' போகாவோடு வருமா?

'யா தியேனே லோஸ் இம்புவெஸ்தோஸ்?' வரி சேர்ந்த விலையா?

மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். 13 சதவீத மதிப்புக் கூட்டு வரி, 10 சதவீத சேவைக் கட்டணம் இரண்டும் உண்டு. சேர்த்த மொத்த விலையைத்தான் காட்ட வேண்டும், ஆனாலும் தனியாகக் கூட்டும் இடங்கள் இருக்கின்றன. பலகையில் 1,500 என்று கண்ட பீர் அப்படிக் கூட்டினால் 1,845 ஆகிவிடும். மூன்று பீருக்கு 4,500 என்று நினைத்தவர் 5,535 கொடுப்பார். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருப்பதால் தனி டிப்ஸ் கட்டாயமில்லை.

கேட்பது 'ரெகாலேமே உனா பிர்ரா' என்று. நேர்ப்பொருள் 'ஒரு பீர் பரிசாகக் கொடுங்கள்'. இலவசமாகக் கேட்பதாக யாரும் நினைக்கமாட்டார்கள், எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். பீரோடு ஐஸ் போட்ட கிளாஸ் வந்தால் தவறில்லை, அது ஊர் வழக்கம். வேண்டாமென்றால் 'சின் யேலோ'.

போகாவில் முதலில் கேட்க வேண்டியது சிஃப்ரிஹோ: சோறு, அவரை விதை, பொரித்த பன்றி இறைச்சி, மேலே தக்காளி வெங்காயக் கலவை, ஓரத்தில் மொறுமொறு தோர்த்தியா, அதாவது மக்காச்சோள ரொட்டித் துண்டுகள். சைவம் என்றால் பட்டகோனெஸ், அதாவது தட்டையாக நசுக்கிப் பொரித்த வாழைக்காய், அல்லது பொரித்த மரவள்ளிக் கிழங்கு. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடக்கூடும். கோழி, மீன், பன்றிக்கொழுப்பு என ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். அவரை மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்வது சகஜம். உணவில் காரம் மிகக் குறைவு. மேசைமேல் வினிகரில் ஊறிய மிளகாய், காரட், வெங்காயப் புட்டி இருக்கும். பெயர் 'சிலேரா'. இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நம் நாக்குக்கு அதுதான் துணை.

குவாரோ பற்றி ஓர் எச்சரிக்கை

கரும்புச் சாராயம்தான் குவாரோ. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அரசு மது ஆலையின் 'காசிக்கே' பிராண்ட்தான் எங்கும் கிடைப்பது. அதில் தக்காளிச் சாறும் எலுமிச்சையும் காரச் சாறும் கலந்து சின்னக் கிளாசில் தருவது 'சிலிகுவாரோ'.

2019இல் மெத்தனால் கலந்த போலி மது குடித்து அந்த நாட்டில் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததை அறிந்த நமக்கு இது எத்தனை கொடுமை என்று விளக்க வேண்டியதில்லை. நிறத்தாலோ மணத்தாலோ மெத்தனாலைப் பிரித்தறிய முடியாது. ஆகவே பாட்டிலை உங்கள் கண்முன் காட்டி ஊற்றினால் மட்டும் குடியுங்கள். பெயர் கேள்விப்படாத பிராண்ட், நம்ப முடியாத விலை, ஏற்கெனவே ஊற்றி வைத்த கிளாஸ் இவற்றில் எது இருந்தாலும் பீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்வை மங்கல், கடும் வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் தூங்கிச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.

அறிமுகமில்லாதவர் வாங்கித் தரும் கிளாசுக்கும் இதே கவனம் வேண்டும். மூடியை உங்கள் எதிரில் திறந்த பாட்டில் பீர்தான் பாதுகாப்பு.

படி 8: பில்லும் திரும்பும் வழியும்

'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று கேட்டு வாங்கி, பாட்டில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பல கான்டினாக்களில் காலி பாட்டில்களை மேசையிலேயே விட்டுவைப்பது கணக்குக்காகத்தான். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் அப்போதே பணம் கொடுத்துவிட்டால் குழப்பமில்லை.

பல தடங்களில் பேருந்துகள் இரவு 10, 11 மணியோடு ஓய்ந்துவிடும். இரண்டு தெருதானே என்று நடக்காதீர்கள். பாருக்குள்ளேயே நின்று செயலியில் வண்டி அழையுங்கள், வந்து நின்ற பிறகு வெளியே வாருங்கள். தெரு டாக்சி என்றால் சிவப்பு நிறமும் கதவில் மஞ்சள் முக்கோணமும் இருக்க வேண்டும். மீட்டருக்கு அந்த ஊரில் 'மரியா' என்று பெயர். ஏறியதும் 'போங்காமே லா மரியா' என்று சொல்லுங்கள். மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் வண்டி நகருமுன் இறங்கி அடுத்ததைப் பிடியுங்கள்.