போன் பூட்டுத டப்பாவுக்கு காசு கேட்டு போறவங்களுக்கு

நேரா விஷயத்துக்கு வாரேன். போன பூட்டி வைக்கிற டப்பாவோ, சீனி டப்பாவுக்கு டைமர் மூடியோ, ஏதாவது ஒண்ணு செஞ்சுகிட்டு முதலீட்டாளர் முன்னால போய் நிக்கப் போறீங்கன்னா அவுக மனசுல மொதல்ல ஓடுத கேள்வி இதுதான்: "கட்டுப்பாடு இல்லாதவன் இத எதுக்குய்யா வாங்குவான், கட்டுப்பாடு உள்ளவனுக்கு இது எதுக்குய்யா?" நானும் எங்க சித்தி மவனும் பாளையங்கோட்டைல ஒரு மொட்டமாடி ரூம்ல வச்சுதான் எங்க டப்பாவ செஞ்சோம், போன உள்ள போட்டு டைமர திருகி வச்சா அந்த நேரம் முடியுத வரைக்கும் தொறக்காது, அம்புட்டுதான் சரக்கு. இந்தக் கேள்விக்கு பதில் தெரியாம ரெண்டு எடத்துக்கு போயி முழிச்சிட்டு வந்தோம்.

வாங்குத ஆளும் ஏமாத்துத ஆளும் ஒரே ஆளுதான், நேரந்தான் வேற. காலைல எட்டு மணிக்கு குளிச்சு திருநீறு பூசிட்டு இன்னைக்கு படிச்சே தீரணும்னு உக்காருதானே ஒருத்தன், அவன் ராத்திரி பத்து மணிக்கு ரீல்ஸ் தள்ளப்போற தனக்கே போட்டு வைக்கிற பூட்டு இது. நீங்க விக்கிறது எட்டு மணி ஆளுட்ட. இத மொத நிமிஷத்துலயே சொல்லிருங்க, "இன்றைய இளைஞர்களிடையே கைபேசி மோகம்"னு பட்டிமன்றம் மாதிரி ஆரம்பிச்சீங்கன்னா எதுத்தாப்புல இருக்கவரு அவரு போன எடுத்துருவாரு, சத்தியமா நடந்துச்சு.

அடுத்து சந்தை இருக்கான்னு கேப்பாவ. பெரிய பெரிய ரிப்போர்ட்ல இருந்து கோடி கணக்கு எடுத்து ஸ்லைடுல ஒட்டாதீங்க. காருகுறிச்சி பக்கம் மண்ணுல செய்யுதாங்கல்லா உண்டியல், அதுல போடதான் வழி, எடுக்கணும்னா ஒடைக்கணும், அந்த ஒடைக்க மனசு வராததுதான் அதுல இருக்க டெக்னாலஜி. பீடிய விடவே முடியலன்னு சொல்லுதவன் சபரிமலைக்கு மாலை போட்டா 41 நாள் தொடமாட்டான், ஏன்னா கழுத்துல கெடக்கத தெருவே பாக்குது. நம்மூர்ல ஆளுக தன்னத்தானே கட்டிப்போட காலங்காலமா வழி தேடிகிட்டுதான் இருக்காவன்னு இத வச்சு சொன்னா அண்ணாச்சிமாருக்கு சட்டுன்னு புரியும்.

படிச்ச பார்ட்டியா இருந்தா பிலிப்பைன்ஸ் கணக்க சொல்லுங்க. அங்க ஒரு கிராமப்புற பேங்க்ல, நீங்க வச்ச இலக்கு வர வரைக்கும் எடுக்கவே முடியாத சேமிப்பு கணக்கு வேணுமான்னு கேட்டுப் பாத்துருக்காவ, அஷ்ரப், கார்லன், யின்னு மூணு பேர் செஞ்ச ஆய்வு, 2006-ல வெளிவந்துச்சு. கேட்டதுல 28 சதவீதம் பேர் வேணும்னு சொல்லிருக்காவ. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா அப்படி கேக்கப்பட்ட கூட்டத்தோட சேமிப்பு மத்தவுகள விட 81 சதவீதப் புள்ளி கூடுதலா ஏறிருக்கு. நம்ம ஆளுக இந்த 81-அ பெருசா போட்டுட்டு 28-அ மறைச்சிருவாக. நான் சொல்லுதேன், 28-அ நீங்களே மொதல்ல சொல்லுங்க. கூட ஒத்த பைசா கேக்காம குடுத்தப்பவே நூத்துக்கு எழுவது பேருக்கு மேல வேண்டாம்னாவ, நாம ரூவா கேக்கோம், அப்போ அதவிட கம்மிதான் வருவாக, அந்த கம்மி பேர் யாருன்னு எங்களுக்கு தெரியும்னு சொன்னா எதுத்தாப்புல நிமுந்து உக்காருவாக.

போன்லயே ஃப்ரீயா இருக்கேன்னும் கேப்பாவ, ஆண்ட்ராய்ட்ல டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோன்ல ஸ்கிரீன் டைம், ரெண்டும் 2018-லயே வந்தாச்சு. பதில் சிம்பிள், அந்தப் பூட்ட போட்ட வெரலே அத தொறந்துரும். அதே மாதிரி உலகத்துலயே மொத தடவைன்னு மட்டும் சொல்லிராதீங்க, பேங்க் பெட்டகத்துக்கு டைம் லாக் 1870கள்லயே வந்துட்டு, டப்பாலயும் அமெரிக்காக்காரன் கேசேஃப்னு ஒரு நிமிஷத்துல இருந்து பத்து நாள் வரைக்கும் பூட்டுதத விக்கான். இருக்குன்னு ஒத்துகிட்டு, நம்மது எதுல வேறன்னு சொல்லுங்க.

யாரு காசு குடுக்கா? பெரும்பாலும் அம்மா. நீட்டுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கிற பிள்ளைக்கு வாங்குவாக. இங்கதான் சூதானம் வேணும், அம்மா வாங்கி குடுத்தா பிள்ளை ஸ்க்ரூட்ரைவர தேடும், தானே கேட்டு வாங்கினவன்தான் தொடர்ந்து யூஸ் பண்ணுவான். அதனால ரெண்டு கணக்கையும் தனித்தனியா வைங்க. 30 பேருக்கு குடுத்து ஆறாவது வாரத்துல 11 பேர்தான் இன்னும் பூட்டுதாவன்னா 11-னே சொல்லுங்க, அந்த 11-ல எத்தன பேர் தானா கேட்டவங்கன்னும் சொல்லுங்க. மொத வாரக் கணக்க எவனும் நம்பமாட்டான், புது செருப்பு மாதிரி மொத வாரம் எல்லாரும் போட்டு நடப்பான்.

வெல கணக்கு வாயிலயே நிக்கணும், லேப்டாப்ப தட்டி பாக்கப்படாது. எம்ஆர்பி 1,799-னு வைங்க, 18 சதவீதம் ஜிஎஸ்டின்னா அத கழிச்சு கைக்கு சுமார் 1,525. அதுல ஆன்லைன் கடை கமிஷன், கூரியர், திருப்பி அனுப்புததுல அடிபடுதது எல்லாம் போகணும், அதுக்கப்புறம்தான் டப்பா செஞ்ச காசு. இந்த திருப்பி அனுப்புதத நாங்க மொதல்ல சேக்கவே இல்ல. மனசுல உறுதி வந்த அன்னைக்கு ஆர்டர் போட்டு, பார்சல் வந்த அன்னைக்கு உறுதி போயி ரிட்டன் போடுதானுக, நம்ம சரக்கோட தலையெழுத்து அது.

டெமோ கதைய சொல்லணும். ஒரு காலேஜ் ஹால்ல பிட்ச், அதாவது முதலீட்டாளர் முன்னால சரக்க காட்டி காசு கேக்குதது. நம்மூர்க்காரன்னு காட்டுததுக்காக காலைல ஸ்டால்ல வச்சு டப்பாக்குள்ள அல்வா போட்டு பூட்டி காட்டுனோம், கூட்டம் அள்ளிச்சு. மதியம் அதே டப்பாவ தொடச்சிட்டு ஒரு முதலீட்டாளர்ட்ட போன கேட்டு வாங்கி உள்ள போட்டு அஞ்சு நிமிஷம் வச்சோம். அஞ்சு ஆச்சு, பத்து ஆச்சு, தொறக்கல. காலைல ஒழுகுன அல்வா நெய் கொக்கிக்குள்ள எறங்கி அந்த ஏசி குளுருல ஒறஞ்சு போச்சு, குட்டி மோட்டார் கெடந்து முனகுது, உள்ள அவரு போன் அடிக்கி. சித்தி மவன் கக்கத்துல வச்சு சூடு காட்டுதான். கடைசில தொறந்துச்சு, அவரு சிரிச்சுகிட்டேதான் சொன்னாரு, "பூட்டும்னு தெரிஞ்சுகிட்டேன் தம்பி, தொறக்கும்னு தெரியல, மொத்தத்துல எனக்கே அல்வா குடுத்துட்டிய." காசு வரல.

ஆனா அதுல இருந்துதான் உருப்படியான விஷயம் வந்துச்சு. பேட்டரி தீந்தா தொறக்குமா பூட்டியே கெடக்குமா, வீட்ல யாருக்காவது நெஞ்சு வலின்னா என்ன செய்ய, இதுக்கு பதில் இல்லாம போகாதீங்க. சட்டுன்னு தொறக்க வழி வச்சா அது பூட்டே இல்ல, வழியே இல்லன்னா ஆபத்து. நாங்க செஞ்சது என்னன்னா, அவசரத்துக்கு எப்பயும் தொறக்கலாம், ஆனா தொறந்தா நீங்க முன்னாடியே குடுத்த ஒரு நம்பருக்கு மெசேஜ் போயிரும். நெசமான அவசரம்னா எவனும் அதுக்கு யோசிக்க மாட்டான், ரீல்ஸுக்காக அம்மாக்கு மெசேஜ் போக விடுவானா? மாலை போட்ட கதைதான் இதுவும். இத சொன்னப்போதான் மொத தடவையா ஒருத்தர் நோட்டுல ஏதோ எழுதுனாரு.

யாருட்ட போறீங்கங்கிறதும் முக்கியம். நம்ம பக்கம் ரைஸ் மில், ஜவுளி, நகைக்கடைன்னு சம்பாதிச்ச அண்ணாச்சிமாரு வேல்யூவேஷன், அதாவது கம்பெனிக்கு என்ன மதிப்புன்னெல்லாம் கேக்க மாட்டாவ, "போட்ட காசு எத்தன மாசத்துல திரும்பும்"னு கேப்பாவ, பங்குன்னு சொன்னா மாசாமாசம் லாபத்துல பங்குன்னு நெனச்சுகிடுவாவ, அத அன்னைக்கே தெளிவா பேசிரணும், இல்லன்னா பொறவு கல்யாண வீட்ல வச்சு கேப்பாவ. சென்னை ஆளுக நேர்மாறு, 25 லட்சத்துக்கு 5 சதவீதம்னா கம்பெனி 5 கோடின்னு மனசுல போட்டு எதுக்குய்யா 5 கோடின்னு ஆரம்பிப்பாவ. டப்பாவ மட்டும் காட்டி அதுக்கு பதில் சொல்ல முடியாது.

பாவ்லாக்னு ஒரு கைப்பட்டை உண்டு, கெட்ட பழக்கத்துக்கு கைய நீட்டுனா ஷாக் அடிக்கும். அத செஞ்ச ஆளு 2016-ல, முதலீட்டாளர்ட்ட காசு கேக்குத அமெரிக்க டிவி ஷோ ஷார்க் டேங்க்ல 5 லட்சம் டாலருக்கு வெறும் 3.14 சதவீதம்தான் தருவேன்னு நின்னாரு, கணக்கு போட்டா கம்பெனி 1 கோடியே 59 லட்சம் டாலர். அங்க இருந்த முதலீட்டாளர் கெவின் ஓ லியரி கடனா தாரேன்னு சொன்னதுக்கு, உங்க காசு மட்டும் வேண்டாம்னு மொகத்துக்கு நேர சொல்லி சண்டையாகி வெறுங்கையோட போனாரு. சுயக்கட்டுப்பாட்டு சாமான விக்க வந்தவன் வாய கட்ட முடியலன்னா பாக்குதவன் என்ன நெனப்பான்.

தனியார் காசுக்கு முன்னால கவர்மெண்ட் கதவையும் தட்டுங்க, திருநெல்வேலில தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையம் இருக்கு, புது கம்பெனிகளுக்கு அரசு குடுக்குத டான்சீட் தொடக்க நிதி பத்தி அங்க கேக்கலாம். மத்திய அரசு 2021-ல கொண்டு வந்த ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட்ல, சாம்பிள் சாமான் செய்ய 20 லட்சம் வரைக்கும் மானியம் இருந்துச்சு (இப்பவும் இருக்கான்னு கேட்டுக்கோங்க), புது கம்பெனிகள வளத்துவிடுத இன்குபேட்டர் வழியாத்தான் போகணும், கம்பெனி ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும், நாங்க அத தெரியாம மாசக்கணக்கா விட்டுட்டோம். பேட்டண்ட் ஃபைல் பண்ண ஸ்டார்ட்அப்புக்கு ஆன்லைன்ல 1,600 ரூவாதான், தற்காலிக விண்ணப்பம் போட்டா முழுசா குடுக்க 12 மாசம் டைம் கெடைக்கும். புளூடூத் வச்சிருந்தா ஏற்கனவே சர்டிபிகேட் வாங்குன மாட்யூலா பாத்து போடுங்க, லித்தியம் பேட்டரின்னா பிஐஎஸ்ங்கிற இந்தியத் தரச்சான்று முத்திரை இருக்கான்னு பாருங்க, இந்த ரெண்டையும் கேக்க ஒருத்தராவது வருவாவ.

சென்னைல மீட்டிங்னா மொத நாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல போங்க, வந்தே பாரத்ல அன்னைக்கு காலைல கெளம்புனா மதியத்துக்கு முன்னால போய் சேர முடியாது. ரெண்டு டப்பா கொண்டு போங்க, புது பேட்டரி, சின்ன ஸ்க்ரூட்ரைவர். அல்வாவும் வாங்கிட்டு போங்க, ஆனா அத டப்பாக்குள்ள போடாம மீட்டிங் முடிஞ்ச பொறவு கைல குடுங்க.